தீயணைப்பு வீரர் பிறந்தநாள் விழா: ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்தலாம்?

கேள்வி: டோங்காட் அம்மா

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில், கரும்புத் தோட்டங்களை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். வருகிற ஜூலையில், பள்ளிக் குளிர்கால விடுமுறையின்போது, என் மகனுக்கு ஐந்து வயது நிறைகிறது. அறுவடைப் பருவத்தில் வெட்டுவதற்கு முன் கரும்புச் சோகையைக் கொளுத்துவார்கள் என்பதும், அன்றைக்குக் கொடியில் காயும் துணியெல்லாம் கரித்தூளாகிவிடும் என்பதும் இந்தப் பக்கத்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் புகை எழும்போதெல்லாம் "தீயணைப்பு வண்டி வருமா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடுகிற பிள்ளை அவன். ஆகவே இந்த ஆண்டு விழாவைத் தீயணைப்பு வீரர்களை வைத்தே நடத்திவிடலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம்.

மூன்று வயது முதல் ஏழு வயது வரை ஒரு டஜன் பிள்ளைகள் வருவார்கள். வீட்டின் பின்புறம் புல்தரையோடு கூடிய முற்றம் இருக்கிறது. மழைநீர் சேரும் ஜோஜோ தொட்டியும் உண்டு. இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்க வீடுகளின் படங்களாகவே இருக்கின்றன: சுவர் முழுக்கக் காகிதத் தீச்சுவாலை, புள்ளி போட்ட நாயின் காதுகள், 911 என்று எழுதிய கேக். அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. குளிர்காலத்தில் தண்ணீர் விளையாட்டு வைக்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. என் நாத்தனாரின் மூன்று வயது மகளுக்குச் சைரன் ஒலி கேட்டாலே அழுகை வந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்தநாள் அன்று விளக்கை ஊதி அணைப்பதே தவறு, அதிலும் தீயை அணைப்பதையே ஒரு விழாவாக்குவதா என்று என் மாமியார் வருத்தப்படுகிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: சாட்ஸ்வர்த் ஆசிரியை

அன்புள்ள தங்கைக்கு வணக்கம். பல ஆண்டுகளாகப் பாலர் வகுப்பு நடத்துகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தயக்கம் சரியானதுதான். சுவரெல்லாம் சுவாலையை ஒட்டிவிட்டால், சிறு பிள்ளைகள் கண்ணுக்குத் தீதான் அன்றைய கதாநாயகன் ஆகிவிடும். வீரர் என்ன உடுத்துகிறார், எதைத் தூக்குகிறார், யாரோடு சேர்ந்து ஓடுகிறார் என்பதைக் காட்டினால் விளையாட்டுக்குப் பஞ்சமே இருக்காது. புள்ளி நாயை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம். குதிரைகள் தீயணைப்பு வண்டியை இழுத்த காலத்தில் அந்த நாய்கள் குதிரைகளோடு சேர்ந்து ஓடின. அந்த வரலாறு நம் பிள்ளைகளுக்கு எட்டாதது.

முதலில் கம்பூட் (உயரமான ரப்பர் பூட்ஸ்) விளையாட்டைச் சொல்கிறேன். தீயணைப்பு நிலையத்தில் வீரர்கள் தங்கள் கால்சட்டையைக் கம்பூட்டின் மேல் சுருட்டி இறக்கி, பூட்டுக்குள் கால் விட வாகாகத் தரையில் நிற்க வைத்திருப்பார்கள். மணி அடித்ததும் இரண்டு காலையும் உள்ளே விட்டு, கால்சட்டையை மேலே இழுத்து, தோள்பட்டியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏற வேண்டியதுதான். இதை அப்படியே வீட்டில் செய்யலாம். அப்பாவின் பழைய கால்சட்டையின் காலை முழங்கால் அளவுக்கு வெட்டி, இடுப்பில் எலாஸ்டிக் தைத்து, ஒரு ஜோடிக் கம்பூட்டின் மேல் சுருட்டி வையுங்கள். பிள்ளை கால் விடும்போது துணி பூட்டுக்குள் சுருண்டுகொள்ளும், பிறகு இடது கால் வலது பூட்டுக்குள் போகும், கடைசியில் தலைக்கவசம் கண்ணை மறைக்கும். பார்க்கிற பெரியவர்களுக்கே சிரிப்புத் தாங்காது. யார் முதலில் என்ற போட்டி வேண்டாம். ஒரு பிள்ளை உடுத்தும்போது இன்னொரு பிள்ளை உதவ வேண்டும் என்று வைத்துவிட்டால் மூன்று வயதுக் குழந்தையும் ஏழு வயதுக் குழந்தையும் ஒரே ஆட்டத்தில் இருக்கலாம். கம்பூட் காலிலேயே இருக்கும்போது நம் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து வந்த கம்பூட் நடனத்தையும் கொஞ்சம் தட்டி ஆடச் சொல்லுங்கள். கேக்குக்கு முன் பிள்ளைகளின் துள்ளல் அடங்க அது போதும்.

இரண்டாவது, புகைக்கு அடியில் தவழும் விளையாட்டு. புகை மேலே எழும், தரையை ஒட்டித்தான் மூச்சு விடத் தக்க காற்று இருக்கும் என்பதை இந்த வயதுக்கு வாயால் விளக்க முடியாது, உடம்பால் காட்டிவிடலாம். சாம்பல் நிறப் போர்வை ஒன்றை இரண்டு பெரியவர்கள் மேசை உயரத்துக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அதன் அடியில் தலை முட்டாமல் தவழ்ந்து கதவைக் கடந்து, முற்றத்து மாமரம் போல் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்த ஓர் இடத்தில் போய்க் கூட வேண்டும். உள்ளே வேண்டுமென்றே ஒரு கரடி பொம்மையைப் போட்டு வையுங்கள். அதை எடுக்கத் திரும்புகிற பிள்ளையைத் தடுத்து, "கரடி உள்ளே இருக்கிறது" என்று தீயணைப்பு வீரராக நிற்கும் மாமாவிடம் சொல்லச் சொல்லுங்கள். மாமா போய் எடுத்து வருவார். வெளியே வந்த பிறகு எதற்காகவும் உள்ளே போகக் கூடாது என்பது அவர்கள் மனத்தில் அப்படியே பதியும். உடையில் தீப்பற்றினால் நின்று, படுத்து, உருள வேண்டும் என்பதையும் சொல்லித் தரலாம். ஆனால் புகையைக் கண்டாலே படுத்து உருளத் தொடங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருப்பதால், அதை ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், உடையில் சிவப்புத் துணித் துண்டு ஒன்றை ஒட்டிக்காட்டிச் செய்வது நல்லது.

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜூலையில் கரையோரத்தில் பகல் வெப்பம் 22, 23 டிகிரி வரை வரும், மழையும் குறைவு. ஆனால் மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். எனவே காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் தண்ணீர் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று ஜோஜோ தொட்டியிலிருந்து சிறு வாளிகளைக் கைமாற்றிக் கடைசியில் இருக்கும் தொட்டியை நிரப்பினால், அக்காலத்தில் தீயணைக்க மக்கள் நின்ற வாளிச் சங்கிலி அதுதான். ஊற்றுகிற தண்ணீர் காய்கறிப் பாத்திக்குப் போகும்படி பார்த்துக்கொண்டால், குழாயில் தண்ணீர் வராத நாளை நினைத்துக்கொண்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மறுமொழி: தீக்காயப் பிரிவுச் செவிலி

வணக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குழந்தைகளின் தீக்காயப் பிரிவில் பணியாற்றுகிறேன். விழாவைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிறு குழந்தைகளுக்கு ஏற்படும் தீக்காயங்களில் பெரும்பாலானவை கொதிநீர், தேநீர், குழம்பு போன்ற சூடான திரவங்களால் வருபவை. ஆகவே தீயணைப்பு விழாவில் நீங்கள் முதலில் கண் வைக்க வேண்டியது மெழுகுவத்தியின் மீது அல்ல, பெரியவர்களுக்குத் தேநீர் வைக்கும் மின்கொதிகலத்தின் மீது. அதன் ஒயர் மேசை விளிம்பில் தொங்கினால் தவழும் பிள்ளை அதைப் பிடித்து இழுக்கும். மேசை விரிப்பையும் எடுத்துவிடுங்கள். முற்றத்தில் எரிவாயு அடுப்பில் பிரியாணிப் பானையை ஏற்றும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அந்த இடத்துக்கும் பிள்ளைகள் ஓடும் இடத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். ஒரு பெரியவர் அந்த அடுப்பை விட்டு நகரவே கூடாது.

கேக்கில் பொறி தெறிக்கும் மத்தாப்பு மெழுகுவத்தியை வைக்க வேண்டாம். மத்தாப்புக் கம்பியின் முனை 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். அணைந்த பிறகும் அந்தக் கம்பி நெடுநேரம் சுடும். கடையில் விற்கும் தீயணைப்பு வீரர் உடைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. அது தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், கேக் வெட்டும்போது தொளதொளப்பான மேலுடையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டையோடு நிற்க வையுங்கள். தீயணைப்பு வீரர் உடையைப் போட்டுக்கொண்டே தீப்பிடிக்கிற அபத்தம் நம் வீட்டில் நேர வேண்டாம்.

அப்படியும் எங்காவது சுட்டுவிட்டால், காயத்தின் மேல் இருக்கும் துணியைத் தோலோடு ஒட்டியிராதபோது மட்டும் அகற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய், மஞ்சள், முட்டை எதையும் பூசக் கூடாது. பாட்டி சொன்னாலும் கூடாது. பூசியதைக் கழுவி எடுப்பதுதான் பிள்ளைக்குப் பட்ட காயத்தைவிட அதிக வலியைத் தருகிறது என்பதை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வியன்னா சாசேஜையும் திராட்சையையும் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் பிளந்து கொடுங்கள்; வட்டத் துண்டுதான் தொண்டையை அடைக்கும். வெடித்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும்.

மறுமொழி: வெருலம் தாத்தா

மகளே, உன் மாமியாரின் மனக்குறையைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்; மற்றவற்றை விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதை அவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீ எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்காகப் பிள்ளையின் ஆசையை மறுப்பதும் நியாயமில்லை. காலையில் குளித்ததும் சாமி அறையில் பாட்டியின் கையால் குத்துவிளக்கை ஏற்றி, பிள்ளைக்குத் திருநீறு இட்டு, கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்துவிடுங்கள். அந்த விளக்கு தானாக எரிந்து அமரட்டும். பிற்பகலில் கேக்கின் மேல் ஒரே ஒரு மெழுகுவத்தி போதும். அதைப் பிள்ளை ஊதினாலும், கம்பூட் போட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து ஊதினாலும் பாட்டிக்கு உறுத்தாது.

நம் பிள்ளைகள் தீயை இரண்டு விதமாகவும் பார்த்து வளர்கிறவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. புனித வெள்ளியை ஒட்டி மாரியம்மன் திருவிழாவில் தீமிதிக்கும் பக்தர்களைப் பார்த்துவிட்டு, "அங்கே ஏன் தீயணைப்பு வண்டி தண்ணீர் அடிக்கவில்லை?" என்று என் பேரன் என்னிடம் கேட்டான். விரதம் இருந்தவர் நடக்கிற தீயும் கூரையைப் பிடிக்கிற தீயும் வேறு என்று நான் சொன்னது அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். உன் மாமியாரையே அன்று கதை சொல்ல உட்கார வைத்துவிடு. மின்வெட்டு இரவுகளில் மெழுகுவத்தியை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

நாளைப் பார்த்துக்கொள். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். கூழ் ஊற்றும் நாள்களில் பல வீடுகளில் புலால் சமைப்பதில்லை. அந்த வாரமாக இருந்தால் சைவமாகவே செய்துவிடுவது எல்லாருக்கும் வசதி.

மறுமொழி: டோங்காட் அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கதை சொல்லும் பொறுப்பைக் கேட்டதும் மாமியாரின் முகமே மாறிவிட்டது. இப்போது சாமி அறை மணியைக் கம்பூட் விளையாட்டுக்குத் தர மாட்டேன் என்பது மட்டும்தான் மீதமுள்ள வாதம். வேறு மணி வாங்கிவிடுகிறோம்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. சைரன் இல்லாமல் இந்த விழா சப்பென்று இருக்குமா? வாடகைக்குத் தீயணைப்பு வண்டி கொண்டுவருவதாக ஒரு விழா ஏற்பாட்டாளர் சொன்ன தொகையைக் கேட்டு என் கணவர் பேச்சே மூச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். வண்டி இல்லாமல் சமாளிக்க முடியுமா? வருகிறவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு இளவரசிக் கிரீடம் எடுத்து வைக்கவா என்று ஒரு தோழி கேட்கிறார்.

மறுமொழி: ஜோஹானஸ்பர்க் அப்பா

வணக்கம், அக்கா. உங்கள் தோழியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இரண்டு மகள்கள். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய வொர்க்கிங் ஆன் ஃபயர் திட்டத்தில், மஞ்சள் சட்டை அணிந்து காட்டுத் தீயையும் புல்வெளித் தீயையும் அணைக்கப் போகிறவர்களில் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கிரீடம் எதுவும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே தலைக்கவசம். சிவப்பு நிறத்தில் பாதி, மஞ்சள் நிறத்தில் பாதி வாங்கினால் நகரத்து அணி, மலையடிவாரத்து அணி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். சைனா மால் கடைகளில் மலிவாகக் கிடைக்கும்.

அந்த மஞ்சள் அணிக்கு உண்மையிலேயே வேறு வேலை இருக்கிறது. புல்வெளியில் குழாயும் இல்லை, வண்டி போகப் பாதையும் இல்லை என்பதால், நீண்ட கம்பின் முனையில் ரப்பர்ப் பட்டைகள் பொருத்திய அடிப்பான்களால் தீயை அடித்து அணைப்பார்கள். முதுகில் தண்ணீர்ப் பையைச் சுமந்து பீய்ச்சுவார்கள். பிள்ளைகளுக்கு அடிப்பானைத் தர வேண்டாம், ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கொடுங்கள். தடிமனான அட்டையில் சுவாலை வரைந்து, அதன்மேல் பாத்திரம் கழுவும் நுரையைத் தடவி வைத்தால், பீய்ச்சப் பீய்ச்ச நுரை வழிந்து அடியில் வரைந்த வீடோ முயலோ தெரியும். சுவரெல்லாம் தீச்சுவாலை வேண்டாம் என்று ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். இந்த ஓர் அட்டைக்கு மட்டும் விலக்குக் கேட்கிறேன்.

வண்டிக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி போதும். வீட்டுச் சாமான் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். முந்தைய நாளே உங்கள் மகனை வைத்துக்கொண்டு சிவப்பு வண்ணம் பூசுங்கள். காகிதத் தட்டு சக்கரம், வெள்ளிக் காகிதம் சுற்றிய கிண்ணம் விளக்கு, பழைய தோட்டக் குழாய் பக்கவாட்டில். பணம் கொடுத்துக் கொண்டுவரும் வண்டியைப் பிள்ளைகள் பத்து நிமிடம் பார்ப்பார்கள். அட்டை வண்டிக்குள் ஏறி அதைக் கிழித்து முடிக்கும் வரை இறங்க மாட்டார்கள். உண்மை வண்டியைக் காட்ட விரும்பினால், விழாவுக்கு முந்தைய வாரத்தில் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்தால் உங்கள் மகனை மட்டும் கூட்டிப் போய் வாருங்கள். நடுவில் அழைப்பு வந்தால் அவர்கள் புறப்பட்டுவிடுவார்கள் என்பதை அவனுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

சைரனை விட்டுவிடுங்கள், மணியே போதும். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது மூச்சுக் கருவி முகமூடி. முகம் தெரியாமல், உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு புகைக்குள்ளிருந்து வருகிற உருவத்தைக் கண்டு சிறு பிள்ளைகள் கட்டிலடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வது உண்டு. தேடி வருகிறவருக்கு அதுதான் பெரிய சிக்கல். உங்கள் நாத்தனாரின் மகள் போன்ற குழந்தைக்கு முன்னால், அவளுக்குப் பழகிய மாமா ஒருவர் தரையில் உட்கார்ந்து, சட்டை, கம்பூட், தலைக்கவசம், கடைசியாக முகமூடி என்று ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே அவளிடம் பேச வேண்டும். நீச்சல் கண்ணாடியும் ஒரு நெகிழிக் கிண்ணமும் இருந்தால் முகமூடி தயார். பிறகு அவள் கையாலேயே அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் உள்நாட்டு மலைப் பக்கமிருந்து கடலை நோக்கிச் சூடாகவும் வறண்டும் இறங்குகிற பெர்க் காற்று அன்றைக்கு வீசினால், இறைச்சி சுடும் பிராய் அடுப்பை மூட்டவே வேண்டாம். ஊதி நிறுத்தும் ஜம்பிங் காசில் வாடகைக்கு எடுத்திருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள்.

மறுமொழி: சாட்ஸ்வர்த் ஆசிரியை

தம்பி சொன்ன நுரை அட்டைக்கு விலக்கு அளிக்கப்படுகிறது. ஒன்று விட்டுப்போயிற்று: 911 என்று எழுதிய கேக்கை நீங்கள் வேண்டாம் என்றது மிகச் சரி. இங்கே தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 10177, கைப்பேசியிலிருந்து 112. வெளிநாட்டுக் காணொளி பார்த்து வளரும் பிள்ளைகள் வகுப்பில் 911 என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் 101 என்றான். கேக்கின் மேல் 10177 என்று எழுதச் சொல்லுங்கள். பழைய கைப்பேசி ஒன்றை, மின்கலத்தை எடுத்துவிட்டு, அட்டை வண்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் எண்ணை அழுத்தித் தன் பெயரையும், வீட்டு எண்ணையும், தெருவையும் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும் என்று வையுங்கள். மூன்று வயதுக்காரர்கள் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

விடைபெறும்போது தரும் இனிப்புப் பையில் விசில் வைக்காதீர்கள். மற்றப் பெற்றோர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். ஒரு சிறு தெளிப்பு பாட்டில், சில முறுக்குகள், ஒரு பெட்டி மெழுகு வண்ணக்குச்சி, அவற்றோடு குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைக்கும்படி 10177, 112 என்று பெரிதாக அச்சிட்டு, கீழே வீட்டு முகவரியை எழுத வெற்றிடம் விட்ட ஓர் அட்டை. அந்த முகவரியைப் பெற்றோர்தான் எழுத வேண்டும் என்பதால், புறப்படும் முன் வாசலிலேயே ஒரு பேனாவையும் கட்டி வைத்துவிடுங்கள்.